நெஞ்செரிச்சலும் பத்து மணி ரொட்டியும்

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

மலையகத்தில் நெஞ்சு எரிந்தாலும் கேஸ்டிக், வயிறு ஊதினாலும் கேஸ்டிக், புளியேப்பம் வந்தாலும் பசி எடுக்காவிட்டாலும் கேஸ்டிக்தான். ஒரே பெயரால் அழைக்கப்படும் இந்தப் பல தொல்லைகளுக்கும் ஒரே மருந்தைக் கேட்டு எழுதப்பட்ட கடிதங்களே இம்முறை அதிகம். எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 42. இருபது வருடங்களாகக் கொழுந்து பறிக்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு மலைக்குப் போய்விடுவேன். பத்து மணிக்குத்தான் ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவேன். மத்தியானத்துக்குப் பிறகு நெஞ்சு எரிய ஆரம்பிக்கிறது. இரவுச் சாப்பாடு ஒன்பது மணியாகும். சாப்பிட்ட கையோடு படுத்தால் தொண்டை வரை புளித்தண்ணீர் ஏறுகிறது. தோள் வலிக்கு வாரத்தில் நான்கைந்து நாள் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். ரொட்டியையும் மிளகாயையும் நிறுத்தினால் சரியாகிவிடுமா?
(வாசகி, மஸ்கெலியா)

பதில்: ரொட்டியை நிறுத்துங்கள் என்று எழுதுவது எனக்கு எளிது. ஆனால் அதற்குப் பதிலாக எதைக் கட்டிக்கொண்டு நீங்கள் மலைக்குப் போவீர்கள் என்பதையும் நானே சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், அந்த எளிய பதிலை ஒதுக்கிவைக்கிறேன். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட இடம் தோள் வலி மாத்திரை. உடம்பு வலிக்கென்று கேட்டால் கடையில் எடுத்துத் தரப்படுவது பல வேளைகளில் டைக்குளோபெனக் அல்லது இபுபுரூபன் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். வலியையும் வீக்கத்தையும் தூண்டுகின்ற புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளை உடல் உண்டாக்காமல் தடுப்பதே இம்மாத்திரைகளின் வேலை. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலத்தைப் பேணி, அமிலம் சுவரைத் தின்னாமல் காக்கிறது என்பதால், தோள் வலி குறையும்போதே இரைப்பையின் காவலும் குறைந்துவிடுகிறது. சாப்பிட்ட பின் போட்டால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். மருந்து இரத்தத்தில் கலந்த பிறகும் இந்தத் தீங்கைச் செய்வதால், சோற்றின் மேல் போட்டாலும், ஊசியாக ஏற்றிக்கொண்டாலும் இரைப்பை தப்பிவிடுவதில்லை.

எனவே முதல் வேலையாக அந்த மாத்திரையின் அட்டையை எடுத்துக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ சென்று, அது எந்த மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது நான் மேலே சொன்ன வகையாக இருந்தால் நிறுத்திவிட்டு, வலி பொறுக்க முடியாத நாளில் மட்டும் பரசிட்டமோல் போடுங்கள். அது இரைப்பையைப் புண்ணாக்குவதில்லை. ஆனாலும் 500 மில்லிகிராம் மாத்திரைகள் ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அதனினும் குறைவான அளவை மருத்துவரிடம் கேட்டே போட வேண்டும். கூடையின் பாரம் தலையிலும் தோளிலும் இறங்குகிற வரையில் தோள் வலி தீரப்போவதில்லை என்பதை நான் அறிவேன். அதற்கான தீர்வு என் மருந்துச் சீட்டில் இல்லை.

அடுத்தது இரவு. உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. உணவு இறங்கும்போது திறந்து, இறங்கியபின் மூடிக்கொள்வது அதன் வேலை. இரைப்பை நிரம்பியிருக்கும்போது நாம் படுத்துவிட்டால், அமிலத்தைக் கீழே வைத்திருக்கும் புவியீர்ப்பின் துணை இல்லாமல் போய், அந்தத் தசை மட்டுமே முழுச் சுமையையும் தாங்க வேண்டியதாகிறது. தசை தளரும் ஒவ்வொரு முறையும் புளித்தண்ணீர் மேலேறுகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும் என்பதே பொது விதி. ஐந்து மணிக்கு எழ வேண்டிய ஒருவரிடம் நள்ளிரவு வரை விழித்திருக்கச் சொல்ல முடியாது. ஆகவே சாப்பாட்டைத்தான் முன்னே கொண்டுவர வேண்டும். மலையிலிருந்து வந்ததும், ஐந்தரை ஆறு மணிக்கு, பகலில் மிஞ்சிய சோற்றையோ ரொட்டியையோ பருப்போடு உங்கள் முக்கியமான சாப்பாடாகச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்குப் பிள்ளைகளோடு உட்காரும்போது சிறிதளவு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடும் வழக்கத்தை மாற்றச் சொல்கிறேன் என்பதும், அது மாத்திரையை மாற்றுவதைவிடக் கடினம் என்பதும் எனக்குத் தெரியும்.

கட்டில் இருந்தால் அதன் தலைப்பக்கக் கால்கள் இரண்டையும் செங்கல் வைத்து ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்குவதால் பயனில்லை; கழுத்து மட்டும் மடங்கி, வயிறு இன்னும் நசுங்கும். தரையில் பாய் விரித்துப் படுப்பவராக இருந்தால், கம்பளிகளை மடித்து இடுப்புக்கு மேலிருந்து தலைவரை சரிவாக வரும்படி பாயின் கீழ் வையுங்கள். இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள். இரைப்பையின் அமைப்பினால் அந்தப் பக்கம் படுக்கும்போது அமிலம் உணவுக்குழாயின் வாயைவிடத் தாழ்வாகத் தேங்குகிறது.

இனி ரொட்டிக்கு வருகிறேன். ஐந்து மணித் தேத்தண்ணிக்கும் பத்து மணி ரொட்டிக்கும் இடையில் ஐந்து மணி நேரம் வெறும் வயிறாக இருக்கிறது. அதன்பின் பசி மிகுந்து, தடித்த ரொட்டி இரண்டை அவசரமாக விழுங்கிவிட்டு, ஆடைக்கு மேல் சுற்றும் படங்குத் துணியை இடுப்பில் இறுகக் கட்டியபடி சரிவில் குனிந்து நிற்கிறீர்கள். நிரம்பிய வயிற்றைக் கயிற்றால் கட்டி வளைத்தால் உள்ளே இருப்பது மேலே வராமல் எங்கே போகும்? அதே ரொட்டியில் பாதியை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணியோடு சாப்பிடுங்கள். மீதியைப் பத்து மணிக்கு மெல்ல மென்று சாப்பிடுங்கள். சாப்பிடும் முன் படங்கின் முடிச்சைத் தளர்த்தி, பிறகும் இறுக்காமல் கட்டுங்கள். ரொட்டியை மெல்லியதாகத் தட்டி எண்ணெய் குறைத்துச் சுட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும்.

மிளகாய்க்கு அதன் தகுதிக்கு மேல் கெட்ட பெயர் வந்துவிட்டது. மிளகாயின் காரப்பொருள் வலியை உணரும் நரம்பு நுனிகளைத் தூண்டுவதால், ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் அது படும்போது எரிகிறது. புண்ணை அது புதிதாக உண்டாக்குவதில்லை. இரவில் மட்டும் சம்பலைக் குறையுங்கள், போதும். இவ்வளவும் செய்து இரண்டு மூன்று வாரங்களில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். மலம் தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடும் துர்நாற்றத்தோடும் போனால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம்.

கேள்வி: நான் ஏழு மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரையைப் போட்டால் நெஞ்சு எரிகிறது, மலமும் கறுப்பாகப் போகிறது. வாய்க்கசப்புக்காக மாத்திரையைத் தேத்தண்ணியோடுதான் விழுங்குகிறேன். நிறுத்திவிடலாமா?
(வாசகி, பண்டாரவளை)

பதில்: நிறுத்த வேண்டாம். தேத்தண்ணியை மட்டும் மாத்திரையிலிருந்து பிரித்துவிடுங்கள். தேயிலையிலுள்ள தனின் இரும்போடு பிணைந்து, குடல் அதை உறிஞ்சவிடாமல் செய்துவிடும். நாட்டுக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் பெண்களிடையே இரத்தச்சோகை இவ்வளவு பரவலாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. சாப்பாட்டோடு சேர்ந்தே வரும் கோப்பை அவற்றில் ஒன்று. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும், முடிந்தால் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும், ஒன்றரை இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். இரும்போடு விற்றமின் சி மாத்திரையைச் சேர்த்தே போடலாம். ஒரு கொய்யாப்பழமும் அதே வேலையைச் செய்யும். கல்சியம் மாத்திரையையும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தையும் வேறு நேரத்துக்குத் தள்ளிவையுங்கள், ஏனென்றால் அவையும் இரும்பைத் தடுப்பவையே.

படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிப் படுத்தால் அது உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு சுவரைப் புண்ணாக்கலாம். ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள். வெறும் வயிற்றில் தாங்கவில்லை என்றால் சிறிது உணவுக்குப் பின் போடலாம். உறிஞ்சப்படுவது சற்றுக் குறைந்தாலும், போடாமல் விடுவதைவிட அது மேல். மலம் கறுப்பது இரும்பினால் வரும் நிறம்தான். மலம் கட்டியாக, கரும்பச்சையாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

கர்ப்ப காலத்துச் சுரப்புநீர்கள் நான் முன்பு சொன்ன சுருக்குத்தசையைத் தளர்த்துகின்றன, வளரும் கருப்பையும் கீழிருந்து இரைப்பையைத் தள்ளுகிறது. ஆகவே பிள்ளை பிறக்கும் வரை ஓரளவு எரிச்சல் இருக்கத்தான் செய்யும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா சத்து மாவை உருண்டையாகப் பிடித்து இடைவேளைகளில் சாப்பிடுவது இதற்கு நன்றாகப் பொருந்தும், அதை வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பங்கு வைத்துவிடாமல் நீங்களே சாப்பிட்டால். ஒரு விடயத்தில் கவனம் தேவை: வயிற்றின் மேற்பகுதியில், வலப்பக்க விலாவுக்குக் கீழே கடுமையான வலியும், அதோடு தலைவலியோ கண் மங்கலோ முகவீக்கமோ வந்தால் அதை நெஞ்செரிச்சல் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்ப காலத்து உயர் இரத்த அழுத்தம் முற்றுவதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும் என்பதால், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 61, சைவ உணவுக்காரன். நீரிழிவுக்குப் பத்து வருடமாக மெட்போமின் எடுக்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் நெஞ்செரிச்சலுக்கு எழுதித் தந்த ஒமெப்ரசோலை, அதன்பின் மருத்துவரைப் பார்க்காமலே பாமசியில் வாங்கித் தொடர்கிறேன். நிறுத்தினால் எரிச்சல் இரட்டிப்பாகிறது. அண்மைக்காலமாகப் பாதங்கள் விறுவிறுக்கின்றன. மகன் அனுப்பிய ஆப்பிள் வினிகர், மஞ்சள் கேப்சூல், கல்சியம் மாத்திரை ஆகியவற்றையும் எடுக்கிறேன். இவை போதுமா, வேறேதும் சேர்க்க வேண்டுமா?
(வாசகர், ஹட்டன்)

பதில்: ஐயா, உங்களுக்குத் தேவைப்படக்கூடிய சத்து உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று: விற்றமின் பி12. உணவிலுள்ள புரதத்திலிருந்து இந்த விற்றமின் பிரிந்து வருவதற்கு இரைப்பை அமிலம் வேண்டும்; அந்த அமிலத்தை ஒமெப்ரசோல் நான்கு வருடமாக அடக்கி வைத்திருக்கிறது. மெட்போமினும் நீண்டகாலப் பாவனையில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இந்த விற்றமின் இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே என்பதால், சைவ உணவுக்காரரான உங்களுக்குப் பாலைத் தவிர வேறு வழி குறைவு; ஆக, அமிலம், உறிஞ்சுதல், உணவு என்ற மூன்று வாசல்களும் ஒன்றாகக் குறுகியிருக்கின்றன. பாதங்கள் விறுவிறுப்பது நீரிழிவினாலும் வரும், பி12 குறைவினாலும் வரும். இரண்டையும் பிரித்தறிய இரத்தப் பரிசோதனை தேவை. குறைவு உறுதியானால் மாத்திரையாகவோ ஊசியாகவோ ஈடுசெய்யலாம். காலம் தாழ்த்தினால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

ஒமெப்ரசோல் கெட்ட மருந்தல்ல. 1988இல் அது விற்பனைக்கு வந்த பிறகு, அதற்கு முன் கத்தி வைக்க வேண்டியிருந்த பல வயிற்றுப் புண்கள் மாத்திரையாலேயே ஆறின. ஆனால் சாதாரண நெஞ்செரிச்சலுக்கு நான்கு முதல் எட்டு வாரங்கள் என்று எழுதித் தரப்படும் மருந்து, சீட்டுக் கேட்காத கடைகளின் தயவால் நான்கு வருடங்களாகிவிடுகிறது. நிறுத்தினால் எரிச்சல் இரட்டிப்பாவதற்கும் காரணம் இருக்கிறது: நெடுநாள் அடக்கி வைக்கப்பட்ட அமிலச் சுரப்பிகள், தடை நீங்கியதும் சில வாரங்களுக்கு முன்னிலும் அதிகமாகச் சுரக்கும். அது நோய் திரும்பியதன் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, மெல்ல விடுவதே வழி. இதையும் நீங்களாகத் தொடங்காமல், மருத்துவரைப் பார்த்த பின் தொடங்குங்கள். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவராகவோ, முன்பு இரத்தக் கசிவு ஏற்பட்டவராகவோ இருந்தால் இந்த மருந்தைத் தொடர வேண்டியிருக்கலாம். எடுக்கும் காலத்திலும் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்தால்தான் அது சரியாக வேலை செய்யும்.

மகன் அனுப்பியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமிலம் மேலேறும் நோய்க்கு வினிகர் என்ற இன்னோர் அமிலத்தைக் குடிப்பதில் பயனுண்டு என்று காட்டும் உறுதியான சான்று இல்லை; பல் எனாமல் தேய்வது மட்டும் உறுதி. மஞ்சள் கேப்சூல்களை, குறிப்பாக மிளகுச் சத்துச் சேர்த்தவற்றை, எடுத்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகப் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. கறியில் போடும் மஞ்சளுக்கு இந்தக் குறை இல்லை. உங்கள் கல்சியம் மாத்திரை கார்பனேற் வகையாக இருந்தால் அது கரைய அமிலம் வேண்டும் என்பதால் சாப்பாட்டோடு எடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரத்தைப் பரிந்துரைப்பார்கள். தொடர்ந்து எடுத்தால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். இஞ்சியோ கொத்தமல்லியோ அவித்த தண்ணீரைக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்பச்சோடாவைக் கரைத்துக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதிலுள்ள உப்புச்சத்துக்காக விட்டுவிடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில வேளைகளில் நெஞ்செரிச்சல் போலவே வரும். மேடேறும்போது வருகிற, நின்றால் குறைகிற எரிச்சலையும், வியர்வையோடும் மூச்சு முட்டலோடும் வருகிற அல்லது இடக்கைக்கோ தாடைக்கோ பரவுகிற எரிச்சலையும் மாத்திரை போட்டுச் சோதித்துப் பார்க்காமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள். கட்டணம் இல்லை.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, நாள் முழுவதும் வெற்றிலை போடுவார். மூன்று மாதமாகச் சோறு நெஞ்சில் அடைக்கிறது என்று சொல்லி, இப்போது கஞ்சி மட்டும் குடிக்கிறார். உடம்பும் இளைத்துவிட்டது. கேஸ்டிக்குக்கு எந்தச் சத்து மா கொடுக்கலாம்?
(வாசகி, பசறை)

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வெளிவரும்வரை காத்திருக்காமல் தபாலில் ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு வீடுகளிலும் அப்பாக்கள் இருப்பார்கள் என்பதால் இங்கும் எழுதுகிறேன். திட உணவு அடைப்பதும் உடல் இளைப்பதும் சேர்ந்து வந்தால், சத்து மாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் உணவுக்குழாய்ப் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்தாக வேண்டும். பாக்கு, புகையிலையோடு சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில் வகைப்படுத்தியது. 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பானங்களையும், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்று 2016இல் அதே முகவரகம் சேர்த்தது. தேத்தண்ணியில் குற்றமில்லை, கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதில்தான் இருக்கிறது. குளிருக்கு இதமாக இருந்தாலும் ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் குடிக்கலாம்.

அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் சென்று, “சோறு அடைக்கிறது, மூன்று மாதம், மெலிந்துவிட்டார்” என்ற மூன்றையும் தவறாமல் சொல்லுங்கள். “கேஸ்டிக்” என்ற சொல்லைப் பாவிக்க வேண்டாம். அதைக் கேட்டால் வரிசையில் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடும். தொண்டை வழியாகக் குழாய்க் கமெராவை இறக்கிப் பார்க்கும் என்டொஸ்கொபி பரிசோதனை அவருக்குத் தேவை. பெரிய அரச வைத்தியசாலைகளில் அது இலவசம், சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கேள்வி: எனக்கு வயிற்றுப் புண் இருப்பதாகவும் ஒரு கிருமிதான் காரணம் என்றும் சொல்லி இரண்டு வாரத்துக்கு நிறைய மாத்திரைகள் தந்திருக்கிறார்கள். கவலையாலும் காரத்தாலும் வருவதுதான் புண் என்கிறார் அம்மா. பரீட்சை நெருங்குகிறது, வாய் கசக்கிறது. பாதியில் நிறுத்தினால் என்ன?
(மாணவர், கொட்டகலை)

பதில்: அம்மா சொல்வதைத்தான் உலகெங்கும் மருத்துவர்களும் 1980கள் வரை சொன்னார்கள். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ரொபின் வொரன், பெரி மார்ஷல் என்ற இருவர் இரைப்பையில் வாழும் ஹெலிகோபெக்டர் பைலோரி என்ற சுருள் வடிவக் கிருமியைக் காட்டியபோது யாரும் எளிதில் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டு காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கசப்பு அந்த மருந்துகளின் பக்கவிளைவு, முடிந்ததும் போய்விடும். பாதியில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறி, அடுத்த முறை இதைவிடக் கசப்பான மாத்திரைகளைத் தர வேண்டிவரும். முடித்து நான்கு வாரங்களுக்குப் பிறகு, கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அதற்கு முந்திய இரண்டு வாரங்கள் ஒமெப்ரசோல் எடுத்திருக்கக் கூடாது, எடுத்திருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

கேள்வி: பால்மாத் தேத்தண்ணி குடித்தால் வயிறு ஊதி இரைகிறது. வெறும் தேத்தண்ணிக்கு ஒன்றுமில்லை. இதுவும் கேஸ்டிக்கா?
(வாசகர், நுவரெலியா)

பதில்: இல்லை. பாலிலுள்ள லக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, வளர்ந்தபின் நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது; செரிக்காத சர்க்கரையைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்வதால் வாயு சேர்கிறது. அமிலத்தை அடக்கும் மாத்திரை இதற்கு உதவாது. இரண்டு வாரம் பால்மாவை விட்டுப் பாருங்கள். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் உறையும்போதே அதன் லக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் செரித்துவிடுகின்றன. பால்மாவை விட்ட பின்னும் ஊதினால், உங்கள் ஊரில் விளையும் கோவாவையும் (முட்டைக்கோஸ்) லீக்ஸையும் இரவில் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள்.